ஒரு கூட்டல் குறிக்குள் எத்தனை கேள்விகள்

(அ, ஆ) => அ + ஆ

மேலே இருப்பது செல்லுபடியாகும் ஜாவாஸ்கிரிப்ட். இரண்டு மதிப்புகளை வாங்கி, கூட்டித் தரும் ஒரு ஃபங்ஷன். மாறிகளுக்குத் தமிழ் எழுத்தில் பெயர் வைக்க அந்த மொழி இடம் தருவதால், இதை அப்படியே பிரவுசரின் கன்சோலில் ஒட்டி ஓட்டிப் பார்க்கலாம். 2, 3 என்று கொடுத்தால் 5 வரும். அந்த 2-ஐ மேற்கோள் குறிக்குள் போட்டுக் கொடுத்தால் விடை 23. அது எண்ணல்ல, இரண்டு எழுத்துகள் கொண்ட ஒரு சரம். 0.1, 0.2 கொடுத்தால் 0.30000000000000004. ஓர் ஆப்ஜெக்ட்டைக் கொடுத்தால், தன்னை எண்ணாகவோ சரமாகவோ மாற்றிக்கொள்ளும் வழி அதற்குள் எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடி, அந்த நிரலை ஓட்டி, வரும் விடையைக் கூட்டும். பிக்இன்ட் வகை எண்ணையும் சாதாரண எண்ணையும் சேர்த்துக் கொடுத்தால் கூட்ட மறுத்துப் பிழை எறியும்.

இதே ஃபங்ஷனைச் சி மொழியில் எழுதுவதென்றால், அ, ஆ இரண்டும் முழு எண்கள் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் போதும். கம்பைலர் அதை ப்ராசஸருக்கான ஒரே ஒரு கூட்டல் கட்டளையாக மாற்றிவிடும்.

ஜாவாஸ்கிரிப்ட் நிரலைச் சி நிரலாக மாற்றி, ஜிசிசி, கிளாங் போன்ற ஒரு சி கம்பைலரிடம் கொடுத்து, நேரடியாக ஓடும் பைனரியாக எடுக்கும் முயற்சிகள் பல ஆண்டுகளாக நடக்கின்றன. பைனரி ஆகிவிட்டாலே வேகம் வந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். அது எங்கே பலிக்கிறது, எங்கே பலிக்கவில்லை என்பதை இந்த ஒரு கூட்டல் குறியை விடாமல் பின்தொடர்ந்தாலே தெரிந்துவிடும்.

1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் 10 நாளில் இந்த மொழியின் முதல் வடிவத்தை எழுதினார். இணையப் பக்கத்தோடு மூல நிரலும் வந்து சேரும். பிரவுசர் அதைப் படித்து ஓட்டும். பைனரி என்ற பேச்சுக்கே அன்று இடமில்லை. பிறகு அதே மொழி சர்வருக்குப் போனது, கைப்பேசிச் செயலிகளுக்குப் போனது, கட்டளைவரிக் கருவிகளுக்கும் சின்னஞ்சிறு கருவிப் பலகைகளுக்கும் போனது. அங்கெல்லாம் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. நாம் எழுதிய நிரலை இன்னொருவரிடம் கொடுக்க வேண்டுமென்றால், அதை ஓட்டுகிற எஞ்சினும் அவரிடம் இருக்க வேண்டும். பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோட், டீனோ, பன் மூன்றுமே இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன: எஞ்சினையும் நிரலையும் ஒரே கோப்பாகக் கட்டித் தந்துவிடும். வேலை நடக்கிறது. ஆனால் ஒரு வரியை அச்சிடும் நிரல்கூடப் பல பத்து மெகாபைட் கனத்தோடு வெளியே வருகிறது.

சரி, இயந்திர மொழிக்கு நேரே போகாமல் நடுவில் சி எதற்கு? எந்தப் புதிய ப்ராசஸர் வந்தாலும் அதற்கு முதலில் எழுதப்படும் மென்பொருள்களில் ஒன்று சி கம்பைலர். 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி அதை உருவாக்கியதிலிருந்து இன்றுவரை அதன் கம்பைலர்களில் கொட்டப்பட்டிருக்கும் உழைப்பு கணக்கில் அடங்காது. சி நிரலை வெளியே தள்ளும் ஒரு மாற்றியை எழுதிவிட்டால் அந்த உழைப்பு முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. இது பழைய வழிதான். சி பிளஸ் பிளஸ் மொழியே 1980-களில் ஸ்ட்ராவ்ஸ்ட்ரப் எழுதிய சிஃப்ரன்ட் என்ற மாற்றியின் மூலம், சி நிரலாக மாறித்தான் ஓடியது. நிம் மொழியும் சிக்கன் ஸ்கீமும் இன்றும் அப்படித்தான் ஓடுகின்றன.

மிக எளிய வடிவத்திலிருந்து ஆரம்பிக்கலாம். ஃபேப்ரிஸ் பெல்லார்ட் என்ற பிரெஞ்சு நிரலாளர் ஒருவர் இருக்கிறார். வீடியோ உலகமே சாய்ந்து நிற்கும் எஃப்எஃப்எம்பெக்கைத் தொடங்கியவர். கியூஇமு என்ற கணினிப் போலியையும், டிசிசி என்ற மிகச் சிறிய சி கம்பைலரையும் எழுதியவர். அவரும் சார்லி கார்டனும் சேர்ந்து 2019 ஜூலையில் குவிக்ஜேஎஸ் என்ற சிறிய ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினை வெளியிட்டார்கள். அதோடு ஒரு கம்பைலரும் வருகிறது. ஜாவாஸ்கிரிப்ட் கோப்பைக் கொடுத்தால் சி கோப்பாக மாற்றித் தரும்.

அந்தச் சி கோப்பை ஒருமுறையாவது திறந்து பார்க்க வேண்டும். நாம் எழுதிய ஃபங்ஷனின் சாயல்கூட உள்ளே இருக்காது. பதினாறடிமான எண்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்ட ஒரு நீளமான அணி இருக்கும். அதன் கீழே ஒரு குட்டி மெயின் ஃபங்ஷன்: எஞ்சினைக் கிளப்பு, இந்த எண்வரிசையை அதனிடம் கொடு, ஓட்டு, முடிந்ததும் மூடு. அந்த எண்கள்தாம் பைட்கோடு. "முதல் உள்ளீட்டை அடுக்கில் வை, இரண்டாவதை வை, கூட்டு, திருப்பிக் கொடு" என்ற குறிப்புகளை ஒவ்வொரு பைட்டாக எழுதி வைத்திருக்கும் பட்டியல். சி கம்பைலர் அந்த அணியை ஒரு எழுத்துகூட மாற்றாமல் பைனரிக்குள் வைத்துவிட்டு, எஞ்சினின் நூலகத்தோடு இணைத்துவிடுகிறது. ஓடும்போது எஞ்சின் அதை ஒவ்வொரு பைட்டாகப் படித்துப் பொருள் சொல்லி ஓட்டுகிறது.

ஆக, பைனரி கிடைத்துவிட்டது. நம் நிரல் மட்டும் இன்னும் இயந்திர மொழி ஆகவில்லை. இதைக் குறையாக நான் சொல்லவில்லை. சில நூறு கிலோபைட்டில் முழு மொழியும் அடங்கிய ஒற்றைக் கோப்பு கிடைக்கிறது. ஓர் எஞ்சின் எழுந்து, வேலை முடித்து, மூடிக்கொள்ள 300 மைக்ரோசெகண்டுக்கும் குறைவாகவே ஆகும் என்கிறது அதன் ஆவணம். ரெகுலர் எக்ஸ்பிரஷன், ஜேசன் போன்ற வசதிகள் தேவையில்லை என்று சொன்னால் அவற்றையும் கழற்றிவிட்டு இன்னும் சுருக்கித் தரும். ஒரு கட்டமைப்புக் கோப்பைப் படித்து நாலு கோப்புகளை இடம் மாற்றுகிற சின்னக் கருவிக்கு இதைவிட என்ன வேண்டும்?

நீண்ட நேரம் கணக்குப் போடும் நிரலுக்கு இது போதாது. அதற்கு ஒவ்வொரு ஃபங்ஷனையும் உண்மையாகவே சி ஃபங்ஷனாக மொழிபெயர்க்க வேண்டும். இப்போது நம் கூட்டல் குறிக்கு வருவோம்.

மொழிபெயர்ப்பவருக்கு முன்னால் நிற்கும் முதல் கேள்வி, அ என்பதைச் சியில் எந்த வகையாக அறிவிப்பது என்பது. அது எண்ணாக இருக்கலாம், சரமாக இருக்கலாம், ஆப்ஜெக்ட்டாக இருக்கலாம். எனவே எல்லாவற்றையும் ஏந்தக்கூடிய ஒரு பொதுப் பெட்டி தேவைப்படுகிறது. 64 பிட் கணினியில் குவிக்ஜேஎஸ் 128 பிட் பெட்டி வைத்திருக்கிறது: பாதி மதிப்புக்கு, மீதி அது என்ன வகை என்று சொல்லும் அடையாளத்துக்கு. ஹெர்மீஸ் போன்ற எஞ்சின்கள் 64 பிட்டுக்குள்ளேயே முடித்துக்கொள்கின்றன. அது மிக அழகான தந்திரம். தசம எண்களைக் குறிக்கும் 64 பிட் வடிவத்தில், "இது எண்ணே அல்ல" என்று சொல்வதற்கு மட்டும் கோடானுகோடி பிட் அமைப்புகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. உண்மையில் தேவைப்படுவது ஒன்றே ஒன்று. மிச்சமிருக்கும் அமைப்புகளுக்குள் சரங்களின், ஆப்ஜெக்ட்டுகளின் நினைவக முகவரிகளை ஒளித்து வைத்துவிடுகிறார்கள்.

பெட்டி கிடைத்ததும் கூட்டலை எழுதலாம். இரண்டு பெட்டியிலும் முழு எண்ணா என்று பார், ஆமென்றால் கூட்டு. இங்கேயே ஒரு பள்ளம் இருக்கிறது. 2147483647-உடன் 1-ஐக் கூட்டினால் ஜாவாஸ்கிரிப்ட்டில் 2147483648 வர வேண்டும். 32 பிட் முழு எண்ணில் அது கொள்ளாது. சி மொழியின் விதிப்படி அப்படி வழிந்தால் என்ன நடக்கும் என்பது வரையறுக்கப்படவே இல்லை. வழியவே வழியாது என்று எண்ணிக்கொண்டு, அதைச் சரிபார்க்க நாம் எழுதிய வரியையே கம்பைலர் தூக்கி எறிந்துவிடக்கூடும். அதனால் குவிக்ஜேஎஸ்ஸின் கூட்டல் இரண்டு எண்களையும் 64 பிட்டாக விரித்து, கூட்டி, விடை 32 பிட்டுக்குள் திரும்ப அடங்குகிறதா என்று பார்க்கிறது. அடங்காவிட்டால் மெதுவான வழிக்குப் போகிறது. பெருக்கலில் இன்னொரு வில்லங்கம்: 0-வையும் −1-ஐயும் பெருக்கினால் இந்த மொழியில் விடை −0. முழு எண்ணுக்குள் −0 என்று ஒன்று கிடையாதே! அதற்கும் தனிச் சோதனை எழுதியாக வேண்டும்.

முழு எண் இல்லையென்றால் தசம எண்ணா என்று பார்க்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் சரமா, ஆப்ஜெக்ட்டா என்று இறங்க வேண்டும். ஆப்ஜெக்ட் என்றால் யாரோ எழுதிய நிரல் ஓடும். அந்த நிரல் பிழை எறியலாம், புதிதாக நினைவகம் கேட்கலாம், கேட்டதால், பயன்படாத நினைவகத்தை மீட்டெடுக்கும் கார்பேஜ் கலெக்டர் கிளம்பலாம். ஒரு கூட்டல் குறிக்குள் இத்தனை வாசல்கள். சி கம்பைலரிடம் இப்படிப்பட்ட நிரலைக் கொடுத்தால் அது கேள்விகளை விரைவாகக் கேட்கும் பைனரியைத் தரும். கேட்காமல் இருக்க அதற்குத் தெரியாது. பைட்கோடைப் படிக்கும் வேலை மிச்சமாகிறது. அதற்குமேல் பெரிய லாபம் வந்துவிடுவதில்லை.

ஜாவாஸ்கிரிப்ட்டின் பக்கத்து வீடான பிஎச்பியில் இதை மிகப் பெரிய அளவில் செய்து பார்த்தது ஃபேஸ்புக். 2010 பிப்ரவரியில் அது வெளியிட்ட ஹிப்ஹாப், தளத்தின் பிஎச்பி நிரலை சி பிளஸ் பிளஸ்ஸாக மாற்றி, ஜி பிளஸ் பிளஸ் கம்பைலரிடம் கொடுத்து ஒரே பைனரியாக எடுத்தது. மாற்றும்போதே எந்த மாறி என்ன வகை என்று முடிந்தவரை ஊகித்துக்கொண்டது. வெப் சர்வர்களின் சிபியு பயன்பாடு சராசரியாகப் பாதியளவு குறைந்ததாக அந்நிறுவனம் அறிவித்தது. அவ்வளவு சர்வர்கள் வைத்திருப்பவர்களுக்கு அது மலையளவு மிச்சம். ஆனாலும் 2013-இல் அதையே கைவிட்டு, ஓடும்போதே கம்பைல் செய்யும் எச்எச்விஎம்முக்கு அவர்கள் மாறிக்கொண்டார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றை ஏன் விட வேண்டும்?

விடை, ஓடும் நிரலைப் பார்த்துக்கொண்டிருப்பதில் கிடைக்கும் அறிவில் இருக்கிறது. தெருமுனை டீக்கடையில் மாஸ்டர், தினமும் வருகிறவரைத் தூரத்தில் பார்த்ததுமே சர்க்கரை குறைத்து ஸ்ட்ராங்காக ஒன்று ஆற்றத் தொடங்கிவிடுவார். ஆள் பெஞ்சில் உட்காரும்போது கிளாஸ் கைக்கு வந்துவிடும். என்றைக்காவது அவர் காபி கேட்டால், ஆற்றியதைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து போட வேண்டியதுதான். குரோம் பிரவுசரோடு 2008-இல் வந்த வி8 எஞ்சினும் அதற்குப் பின் வந்த போட்டி எஞ்சின்களும் செய்வது இதைத்தான். நம் கூட்டல் ஃபங்ஷன் சில ஆயிரம் முறை ஓடி, ஒவ்வொரு முறையும் முழு எண்களே வந்திருந்தால், முழு எண்ணுக்கென்றே ஓர் இயந்திரக் கட்டளைத் தொகுப்பை அந்த இடத்திலேயே எழுதிக்கொள்ளும். வாசலில் ஒரு சிறு காவல் சோதனை மட்டும் இருக்கும். சரம் வந்து நின்றால் அந்தத் தொகுப்பை விட்டு வெளியேறி மெதுவான வழிக்குத் திரும்பும்.

ஆப்ஜெக்ட்டின் உறுப்பைத் தேடுவதில் இதன் பலன் இன்னும் பெரிது. சியில் ஒரு புள்ளியின் கிடைமட்ட ஆயத்தை எடுப்பதென்றால், தொடக்க முகவரியிலிருந்து இத்தனை பைட் தள்ளிப் போய் எடு என்று முடிந்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட் ஆப்ஜெக்ட்டில் உறுப்புகளை எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம், நீக்கலாம்; பெயரை வைத்துத் தேட வேண்டும். 1980-களில் செல்ஃப் என்ற ஆய்வு மொழியை உருவாக்கிய டேவிட் அங்கர் குழுவினர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒரே வரிசையில் ஒரே உறுப்புகளைப் பெற்ற ஆப்ஜெக்ட்டுகள் எல்லாம் திரைக்குப் பின்னால் ஒரே வார்ப்பைப் பகிர்ந்துகொள்ளும். ஒருமுறை தேடிக் கண்ட இடத்தை வார்ப்போடு சேர்த்துக் குறித்து வைத்தால், அடுத்த முறை வார்ப்பு அதுதானா என்று மட்டும் பார்த்தால் போதும். அந்தக் குழுவில் வேலை பார்த்த லார்ஸ் பாக்தான் பின்னால் வி8-ஐ வடிவமைத்தார். ஆய்வகத்தில் பிறந்து வணிகத்தில் பெரிதாக எடுபடாத ஒரு மொழியின் யோசனை இன்று கோடிக்கணக்கான கைப்பேசிகளில் ஓடுகிறது. கணினி வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பயணங்களில் இது ஒன்று.

முன்கூட்டியே கம்பைல் செய்பவருக்கு இந்தப் பார்வை வாய்ப்பதில்லை. கடை திறப்பதற்கு முன்பே எல்லாம் தயாராக வேண்டும். குறித்து வைக்கும் தந்திரத்தை அவரும் பைனரிக்குள் வைக்கலாம், வைக்கவும் செய்கிறார்கள். ஆனால் கூட்டலுக்கு எந்த வகை வரும் என்று அவர் ஊகித்தே ஆக வேண்டும். பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மானுவல் செரானோ 2018-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்த இடத்தில் வைத்த ஊகம் எளிமையானது, துணிச்சலானதும்கூட: எந்த வகை வந்தால் கம்பைலரால் மிக நல்ல நிரலைத் தர முடியுமோ, அந்த வகையே வரும் என்று எடுத்துக்கொள். அ[இ] என்று எழுதியிருந்தால் அ ஓர் அணி, இ ஒரு முழு எண் என்று வைத்துக்கொண்டு வேகமான வடிவம் ஒன்றை எழுது. ஊகம் தவறினால் போக, எல்லாவற்றையும் தாங்கும் பொது வடிவம் ஒன்றையும் பக்கத்தில் வை. அவருடைய ஹாப் கம்பைலர் ஜாவாஸ்கிரிப்ட்டை ஸ்கீம் மொழிக்கும், பிக்லூ என்ற ஸ்கீம் கம்பைலர் வழியாகச் சிக்கும் இறக்குகிறது. நிரலாளர்கள் இந்த மொழியில் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்றாலும் பெரும்பாலும் ஒழுங்காகத்தான் எழுதுகிறார்கள் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. அது பெருமளவு சரியான நம்பிக்கை என்றே நான் நினைக்கிறேன்.

மெட்டா நிறுவனம் 2023-இல் வெளியில் காட்டிய ஸ்டாட்டிக் ஹெர்மீஸ் வேறு வழியில் போகிறது: ஊகிக்காதே, நிரலாளரையே கேள். டைப்ஸ்கிரிப்ட்டிலும் ஃப்ளோவிலும் ஏற்கெனவே பலர் வகைகளை எழுதித்தானே வைக்கிறார்கள்? ஆனால் அந்த எழுத்தை அப்படியே நம்ப முடியாது. டைப்ஸ்கிரிப்ட் வகைகளைச் சரிபார்த்துவிட்டு, ஓடும் நிரலிலிருந்து அழித்துவிடுகிறது. எண் என்று எழுதிய இடத்தில் சரம் நுழைந்துவிட அதில் பல ஓட்டைகள் உண்டு. எண் என்று நம்பிச் சோதனையை நீக்கிய பைனரியில் சரம் நுழைந்தால், ஒரு நினைவக முகவரியை எண்ணாக எடுத்துக் கூட்டிக்கொண்டிருக்கும். அதனால் ஸ்டாட்டிக் ஹெர்மீஸின் வகையிட்ட வடிவம் கண்டிப்பானது: ஓட்டை இருக்கும் இடத்தில் ஓடும்போது சோதிக்கிறது, இல்லையென்றால் கம்பைல் செய்ய மறுக்கிறது. அந்தக் கண்டிப்பை ஏற்றுக்கொண்டால் அ + ஆ என்பது சியின் வெறும் தசமக் கூட்டலாக இறங்குகிறது. சி நூலகங்களின் ஃபங்ஷன்களை ஜாவாஸ்கிரிப்ட்டிலிருந்து நேராக அழைக்கவும் முடிகிறது.

அங்கேயும் சி முழுதாக ஒத்துழைப்பதில்லை. கார்பேஜ் கலெக்டர் ஆப்ஜெக்ட்டுகளை இடம் மாற்றி வைக்கும். மாற்றினால் அவற்றைச் சுட்டும் ஒவ்வொரு முகவரியையும் திருத்த வேண்டும். ஆனால் சி கம்பைலர் எந்த முகவரியை எந்த ரெஜிஸ்டரில் வைத்திருக்கிறது என்று வெளியே சொல்லாது. எனவே உருவாக்கப்படும் சி நிரல் தன் மாறிகளை, கலெக்டரின் கண்ணுக்குத் தெரியும் தனிப் பட்டியல் ஒன்றில் வைத்துக்கொள்கிறது. விளைவு, ரெஜிஸ்டரிலேயே முடிந்திருக்க வேண்டிய வேலை நினைவகத்துக்குப் போய்ப் போய் வருகிறது. பிழையை எறிந்து மேலே இருக்கும் ஃபங்ஷனில் பிடிப்பதற்கும் சியில் இயல்பான வழி கிடையாது; ஒரு குறித்த இடத்துக்கு ஒரே தாவாகத் தாவும் பழைய நூலக வசதியை வைத்துத்தான் சமாளிக்கிறார்கள். சி கம்பைலரின் உழைப்பு இலவசமாகக் கிடைக்கிறது என்று மேலே சொன்னேன். விலை இங்கே இருக்கிறது.

இவ்வளவு சிரமப்பட்டு வி8-இன் வேகத்தை எட்டத்தான் வேண்டுமா என்றால், எல்லா இடத்திலும் வேண்டியதில்லை என்பேன். நாள் முழுக்க ஓடும் சர்வரில், ஓடும்போதே கம்பைல் செய்யும் எஞ்சினோடு மல்லுக்கட்டுவது வீண். ஐபோனில் நிலைமை வேறு. அங்கே சாதாரணச் செயலிகள் ஓடும்போது புதிய இயந்திரக் கட்டளைகளை உருவாக்கி ஓட்டுவதை ஆப்பிள் பாதுகாப்புக் காரணத்துக்காக அனுமதிப்பதில்லை. ரியாக்ட் நேட்டிவ் செயலிகளுக்காக 2019-இல் வந்த ஹெர்மீஸ், நிரலை முன்கூட்டியே பைட்கோடாக்கி வைப்பதற்குக் காரணம் செயலி சட்டென்று திறக்க வேண்டும் என்பது. அதன் வாரிசான ஸ்டாட்டிக் ஹெர்மீஸ் சியை நோக்கி நகர்ந்ததும் இந்தச் சூழலில்தான். நினைவகம் குறைந்த கருவிகளிலும், ஒரு நொடிக்குள் எழுந்து முடிந்துவிடும் கட்டளைகளிலும் இதே கதை. பார்த்துக் கற்றுக்கொள்ளும் எஞ்சின் கற்று முடிப்பதற்குள் அங்கே வேலை முடிந்துவிடும்.

கடைசியாக மிஞ்சுவது ஈவால். ஒரு சரத்தைக் கொடுத்தால் அதை அந்த நொடியே நிரலாக ஓட்டும் வசதி. அந்தச் சரம் பயனர் தட்டச்சு செய்ததாகவும் இருக்கலாம், இணையத்திலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். முன்கூட்டியே கம்பைல் செய்யும்போது இல்லவே இல்லாத நிரல் அது. அதை ஆதரிக்க வேண்டுமென்றால் ஜாவாஸ்கிரிப்ட் கம்பைலர் ஒன்றை முழுதாகப் பைனரிக்குள் வைத்தே அனுப்ப வேண்டும். குவிக்ஜேஎஸ் அப்படி வைக்கிறது. வேண்டாம் என்று நாம் சொன்னால் விட்டுவிடுகிறது. ஹிப்ஹாப் அந்த வசதியைக் கைவிட்டது. ஜாவாஸ்கிரிப்ட்டை முதலில் வெப்அசெம்ப்ளியாகவும் பிறகு சியாகவும் மாற்றும் போர்ஃபோர் என்ற இளைய கம்பைலர், தன்னிடம் ஈவால் கிடையாது என்று அறிமுகக் குறிப்பிலேயே சொல்லிவிடுகிறது. அது ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே எழுதப்பட்ட கம்பைலர். மொழியின் அதிகாரபூர்வச் சோதனைத் தொகுப்பான டெஸ்ட்262-இல் பல்லாயிரம் சோதனைகள் இருக்கின்றன. அவற்றில் எத்தனை சதவீதம் தேறியிருக்கிறது என்பதையும் அந்தத் திட்டத்தினர் ஒளிக்காமல், மாற்றத்துக்கு மாற்றம் கணக்கிட்டு வெளியிட்டு வருகிறார்கள்.